நஷ்டஈடு பிச்சையா, பாத்தியதையா?

வேலை செய்யும் இடத்தில் ஒருவனுக்குக் கை போய்விட்டால், நம் ஜனங்கள் முதலில் சொல்லும் வார்த்தை "அவன் தலையெழுத்து" என்பதாகும். இரண்டாவதாகச் சொல்லும் வார்த்தை, "முதலாளி தங்கமானவர், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்தார்" என்பதாகும். மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. அது, "சட்டப்படி எனக்கு வரவேண்டிய பணம் எவ்வளவு?" என்பதாகும். இந்த மூன்றாவது வார்த்தை மாத்திரம் பெரும்பாலான தொழிலாளிகள் வாயிலிருந்து வெளிவருவதில்லை. முதல் இரண்டு வார்த்தைகளும் அதைத் தொண்டையிலேயே அடக்கி விடுகின்றன. ஆகவே இவ்வாரம் அந்த மூன்றாவது வார்த்தையைப் பற்றியே எழுத முன்வந்தோம்.

முதலில் இந்தத் தலையெழுத்துச் சங்கதியைத் தீர்த்துக்கொள்வோம். ஆலை எரிந்துபோனால் முதலாளி என்ன செய்கின்றார்? "என் தலையெழுத்து" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகின்றாரா? இல்லை. மறுநாள் பொழுது விடியுமுன் இன்ஷ்யூரென்ஸ் கம்பெனிக்கு ஆள் அனுப்புகின்றார். எரிந்த பஞ்சுக்கு எவ்வளவு, உருகிய இரும்புக்கு எவ்வளவு என்று காசு விடாமல் கணக்குப் போடுகின்றார். அதே நெருப்பில் வெந்த தொழிலாளியின் மனைவி மாத்திரம் விதியை நொந்துகொள்ள வேண்டுமாம். பஞ்சு எரிந்தால் நஷ்டம், ஆள் எரிந்தால் விதி என்றால், அந்த விதியை எழுதியவன் முதலாளியிடம் சம்பளம் வாங்கும் குமாஸ்தாவா என்று கேட்கின்றோம்.

வருஷந்தோறும் ஆயுத பூஜை நடக்கின்றது. பட்டறையில் உள்ள ஒவ்வொரு யந்திரத்துக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைக்கின்றார்கள். ஆனால் அந்த யந்திரத்தின் பல்சக்கரத்துக்கு ஒரு தகர மூடி போட்டிருக்கின்றதா என்று பார்ப்பவர் எத்தனை பேர்? பூசணிக்காய் எந்தப் பல்சக்கரத்தையும் நிறுத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. மூடி நிறுத்தும். மூடிக்குச் செலவு முதலாளியுடையது. குங்குமத்துக்கு நன்றி சாமிக்கு. வெட்டுப்பட்ட விரல் மட்டும் தொழிலாளிக்கு. இந்தப் பாகப் பிரிவினையை ஒப்புக்கொள்ளும் வரையில் எந்தச் சட்டமும் நமக்கு உதவாது.

நிற்க, சட்டம் என்பதும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. இங்கிலாந்தில் 1837-ம் வருஷத்தில் ஒரு கசாப்புக் கடைக்காரரின் வேலைக்காரன், அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய வண்டி முறிந்து காயமடைந்து, எஜமான் மேல் வழக்குத் தொடுத்தான். கோர்ட்டார் எஜமான் பொறுப்பல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதிலிருந்து பல வருஷங்கள் வரை, "உடன் வேலை செய்பவன் தவறினால் எஜமான் பொறுப்பல்ல, ஆபத்தைத் தெரிந்தே வேலைக்கு வந்தாய், நீயும் கொஞ்சம் கவனக்குறைவாய் இருந்தாய்" என்ற மூன்று சாக்குகளைச் சொல்லியே அங்குள்ள தொழிலாளிகளை வெறுங்கையோடு அனுப்பி வந்தார்கள். பிறகு ஜெர்மனியில் 1884-லும், இங்கிலாந்தில் 1897-லும் புதுச் சட்டங்கள் வந்தன. அவற்றின் அடிப்படை எளியது. தொழிலால் லாபம் அடைகிறவன் அந்தத் தொழிலால் வரும் காயத்தின் செலவையும் ஏற்க வேண்டும். யந்திரத்துக்கு எண்ணெய் எப்படிச் செலவோ, தொழிலாளியின் காயமும் அப்படிச் செலவுக் கணக்கில் சேர வேண்டும். ஆகையால் எஜமான் குற்றம் செய்தான் என்று ருஜுப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை என்பதாகும்.

இந்தியாவில் இது 1923-ம் வருஷத்திய தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமாக எழுதப்பட்டு, 1924 ஜூலை 1-ந்தேதி அமுலுக்கு வந்தது. நூறு வருஷத்துக்கு மேல் இருந்த அந்தச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21-ந்தேதி முதல் 2020-ம் வருஷத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கின்றது. சட்டத்தின் பெயர் மாறினாலும் மூலவாசகம் மாறவில்லை. "வேலையின் காரணமாகவும், வேலையின் போதும்" நேர்ந்த விபத்தால் காயம் உண்டானால் எஜமான் நஷ்டஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதே அந்த வாசகம்.

இதில் நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். வேலைதானா இந்தக் காயத்தை உண்டாக்கிற்று? ஆம் என்றால் பணத்தை எண்ணி வைக்க வேண்டியது. இல்லை என்றால் இல்லை. ஆனால் நடந்தது என்ன? இந்த ஒரு கேள்விக்கு முன்னால் தகுதி, தகுதி என்று சொல்லி வாயிற்படிக்கு மேல் வாயிற்படியாகக் கட்டி வைத்தார்கள். கோயிலுக்குள் யார் வரலாம், எந்தப் படி வரையில் வரலாம் என்று கணக்குப் பார்த்துப் பழகிய தேசமல்லவா? கை இழந்தவனையும் படிப்படியாய் நிறுத்திப் பார்த்தார்கள்.

முதல் படி, "நீ தொழிலாளியா?" என்பதாகும். கை போனவனைப் பார்த்துக் கேட்கும் கேள்வி இது! 1923-ல் மாதம் 300 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கினவன் தொழிலாளி அல்ல. வயலில் உழுபவனுக்கு அந்தப் பட்டியலிலேயே இடமில்லை. கட்டிட வேலைக்காரன் என்றால், கட்டிடம் ஒரு மாடிக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது தரையிலிருந்து கூரை முகடு வரை இத்தனை அடி இருக்க வேண்டும் என்று அளவுகோல் வைத்தார்கள். அந்த அளவு பின்னால் 12 அடியாக நின்றது. பதினோரு அடியில் சாரம் சரிந்து விழுந்த சித்தாளுக்கு இடுப்பு எலும்பு முறியாதா? முதலாளியின் தொழிலுக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு அவ்வப்போது கூப்பிடப்பட்ட ஆளும் தொழிலாளி அல்ல என்றார்கள். சம்பள வரம்பு நீங்கியது 1984-ல். அவ்வப்போது வரும் ஆள் என்ற விலக்கு நீங்கியது 2000-த்தில். அதாவது, ஒரு கூலிக்காரன் கூலிக்காரன்தான் என்று சர்க்கார் ஒப்புக்கொள்ள 77 வருஷம் ஆயிற்று.

இரண்டாவது படி, "எத்தனை நாள் படுத்தாய்?" என்பதாகும். 1923-ல் பத்து நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் இருந்தால்தான் நஷ்டஈடு. பிறகு அது ஏழு நாளாயிற்று. 1959-ம் வருஷத்திய திருத்தத்தில் மூன்று நாளாயிற்று. தினக்கூலிக்காரன் வீட்டில் அடுப்பு மூன்று நாள் எரியாமல் இருக்கலாம் என்று யார் கண்டு சொன்னது? சட்டம் எழுதியவர்கள் ஒரு தடவையாவது மூன்று நாள் பட்டினி கிடந்து பார்த்துவிட்டு எழுதினார்களா என்று கேட்கின்றோம்.

மூன்றாவது படி, "எங்கே விழுந்தாய்?" என்பதாகும். இந்தப் படியில் இடறி விழுந்த குடும்பங்களின் கதையை நம்மவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1952 ஜூன் மாதத்தில் போர்பந்தர் பக்கம் ஓர் உப்பளத்தில் வேலை முடிந்து, கழியைக் கடக்க ஓடத்தில் ஏறிய தொழிலாளிகள், ஓடம் கவிழ்ந்து மூழ்கி இறந்தார்கள். அந்த ஓடம் பொது ஜனங்கள் எல்லோரும் ஏறும் ஓடம். ஆகையால் வேலையின்போது நேர்ந்த சாவு அல்ல என்று 1958-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1971-ல் ஒரு தொழிலாளி தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வேலை தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. தொழிற்சாலை சுமார் ஒரு கிலோ மீட்டர் தூரத்தில் இருந்தது. மோதியதோ அவருடைய முதலாளியின் லாரியே. அப்படியும் அது தொழில் காயம் அல்ல என்று 1996-ல் தீர்ப்பாயிற்று. காயத்துக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே 25 வருஷம்!

இன்னொன்று பாருங்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவல்காரர், 2003 ஏப்ரல் மாதத்தில், விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கும் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் வழியில், ஆலைக்கு ஐந்து கிலோ மீட்டருக்கு இப்பால் விபத்தில் இறந்தார். கமிஷனர் "கொடு" என்றார். ஹைக்கோர்ட்டு "கூடாது" என்றது. சுப்ரீம் கோர்ட்டு 2025 ஜூலை 29-ந்தேதி "கொடு" என்றது. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மனிதன் படுக்கையை விட்டு எழுந்து இருட்டில் வண்டி ஓட்டிப் போவது முதலாளியின் ஆலையைக் காக்கவா, நிலா பார்க்கவா? இது தெரிய 22 வருஷமும் மூன்று நியாய ஸ்தலங்களும் வேண்டியிருந்தன. இப்பொழுது புதுச் சட்டத் தொகுப்பில், வீட்டுக்கும் வேலைக்கும் இடையே போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்தும், நேரம், இடம், சந்தர்ப்பம் ஆகியவற்றால் வேலையோடு சம்பந்தம் இருந்தால், தொழில் விபத்தே என்று எழுதியாகிவிட்டது. அன்று ஓடத்தோடு மூழ்கியவர்களுக்கு இது உதவாது. இனி ஏறுகிறவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

நான்காவது படி, "குற்றம் உன்னுடையதா?" என்பதாகும். குடித்திருந்தான், பாதுகாப்புக்கென்று வெளிப்படையாய்ப் போட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறினான், பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றினான் என்று முதலாளி காட்டினால் நஷ்டஈடு இல்லை. கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் பட்டறை நடப்பு என்ன? மூடி இருந்தால் ஒரு நாளைக்கு இத்தனை உருப்படிதான் வரும். மூடியைக் கழற்றினால் கூடுதலாய் வரும். கழற்றச் சொல்பவன் மேஸ்திரி. உருப்படிக் கணக்கில் கூலி என்பதால் தொழிலாளியும் வாய் திறப்பதில்லை. சுவரில் மட்டும் "மூடியைக் கழற்றாதே" என்று எழுதி ஒட்டியிருக்கும். விரல் போகும் வரையில் அந்தக் காகிதத்தைப் படிக்க ஆளில்லை. விரல் போன மறுநாள் அதுவே வேதவாக்கு! நம் தோழர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சட்டத்தில் "வேண்டுமென்றே" என்ற வார்த்தை இருக்கின்றது. கவனக்குறைவு என்பது வேண்டுமென்றே செய்தது ஆகாது. களைப்பில் கண் அயர்ந்ததும் ஆகாது. அன்றியும், உயிர் போய்விட்டால் இந்தச் சாக்குகள் எதுவும் செல்லாது என்று பின்னால் திருத்தம் செய்யப்பட்டது. 1995-ம் வருஷத்திய திருத்தத்தில், நிரந்தரமாக முழு ஊனம் அடைந்தவனுக்கும் அப்படியே ஆயிற்று. ஆகவே "அவன் குடித்திருந்தான், ஒன்றும் கிடைக்காது" என்று விதவையிடம் யாராவது சொன்னால், அவன் சட்டம் தெரியாதவன், அல்லது முதலாளியின் ஆள்.

ஐந்தாவது படி, "எவ்வளவு போயிற்று?" என்பதாகும். சட்டத்தில் அட்டவணை ஒன்று உண்டு. கட்டைவிரலுக்கு 30 சதம், சுட்டுவிரல் முழுதுக்கும் 14 சதம் என்று கசாப்புக் கடைப் பலகை போல எழுதியிருக்கும். அட்டவணை இருப்பதில் தப்பில்லை. பேரத்துக்கு இடம் குறையும். ஆனால் அட்டவணையே வேதமல்ல. 1968-ல் ஒரிசாவில் சினிமாக் கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை செய்த தச்சர் ஒருவர் விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கைதானே போயிற்று, அதை முழு ஊனம் என்று எப்படிச் சொல்லலாம் என்று எதிர்தரப்பார் வாதித்தார்கள். ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியுமா, ஆகவே அவருக்குப் போனது முழுப் பிழைப்பே என்று முடிவு செய்த கமிஷனர் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட்டு 1976-ல் ஊர்ஜிதம் செய்தது. அன்றியும் விபத்து நடந்த நாளிலிருந்தே பணம் பாக்கி என்றும் அத்தீர்ப்பு சொல்லிற்று. இந்த இரண்டு விஷயங்களையும் ஒவ்வொரு தொழிலாளியும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுவோம். 40 வயதுத் தொழிலாளி, மாதச் சம்பளம் 15,000 ரூபாய், கட்டைவிரல் போய்விட்டது. சம்பளத்தில் 60 சதம் 9,000. 40 வயதுக்கு 1923-ம் வருஷத்திய சட்டம் வைத்த பெருக்கும் எண் 184.17. பெருக்கினால் 16,57,530 ரூபாய். கட்டைவிரலுக்கு அதில் 30 சதம், அதாவது 4,97,259 ரூபாய். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கவரில் சில ஆயிரத்தைப் போட்டுக் கொடுத்துக் கும்பிடு வாங்கிப் போகும் புண்ணியவான்களை இந்தக் கணக்கோடு ஒத்திட்டுப் பாருங்கள். அந்தக் கவர் தருமம் அல்ல, தள்ளுபடி என்பது விளங்கும். இதிலும் ஒரு சூது உண்டு. தொழிலாளி 25,000 வாங்கினாலும் 15,000 என்றே கணக்கிடும்படி 2020 ஜனவரியில் உச்சவரம்பு வைக்கப்பட்டது. அதற்கு முன் பத்து வருஷமாக அந்த வரம்பு 8,000 ரூபாய். அரிசி விலைக்கு உச்சவரம்பு இல்லை. போன கைக்கு மாத்திரம் உண்டு!

இவ்வளவு படிகளுக்கும் காவலாளியாக நிற்பது ருஜு என்னும் பூதமாகும். "நீ என்னிடம் வேலை செய்தாயா? பட்டியலில் உன் பேர் எங்கே?" என்று முதலாளி கேட்கின்றார். பட்டியல் யாரிடம் இருக்கின்றது? அவரிடம். பேர் எழுத வேண்டியவர் யார்? அவர். எழுதாமல் விட்டவனே, எழுதியிருக்கவில்லையே என்று வாதாடுவது எந்த ஊர் நியாயம்? 1961-ல் கப்பல் ஒன்றில் வேலை செய்த மாலுமி நடுக்கடலில் ஓர் இரவு காணாமற் போனார். வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தால்தான் இறந்தார் என்பதற்குச் சாட்சியம் இல்லை என்று 1969-ல் சுப்ரீம் கோர்ட்டு நஷ்டஈட்டை மறுத்துவிட்டது. கப்பல் கம்பெனியுடையது, கப்பல் குறிப்புப் புஸ்தகம் கம்பெனியுடையது, சாட்சிகளும் கம்பெனியின் ஆட்கள். கடல் மாத்திரம் பொதுச்சொத்து. அது வாய் திறக்கவில்லை. எவனிடம் ஆதாரம் இருக்கின்றதோ அவன் தலையில்தான் ருஜுவின் பாரம் இருக்க வேண்டும் என்பது நம்முடைய அபிப்பிராயம்.

"அப்படியானால் பொய் வழக்குப் பெருகாதா? வீட்டில் விழுந்தவனெல்லாம் வேலையில் விழுந்தேன் என்று வருவானே?" என்று சில கனவான்கள் கேட்பார்கள். பொய்க்காரன் இருக்கலாம். அவனைக் கண்டுபிடிக்கத்தான் கமிஷனரும், டாக்டரும், விசாரணையும் இருக்கின்றன. ஆனால் கட்டைவிரலை யாரும் பொய்யாக வெட்டிக்கொள்வதில்லை. பத்தில் ஒரு பொய்க்காரனைத் தடுப்பதற்காக ஒன்பது மெய்க்காரனைத் தெருவில் நிறுத்தலாம் என்பவர்கள், அந்த நியாயத்தைத் தங்கள் இன்ஷ்யூரென்ஸ் பாத்தியதைக்கும் பொருத்தச் சம்மதிப்பார்களா?

மற்றொரு சங்கதி. பட்டாசு ஆலை வெடித்தால் சர்க்கார் நிவாரணத் தொகை அறிவிக்கின்றது. 2012 செப்டம்பர் 5-ந்தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பின்னும் அந்தப் பக்கத்தில் வெடி விபத்துகள் ஓயவில்லை. நிவாரணம் என்பது சர்க்கார் இரக்கப்பட்டுப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது. நஷ்டஈடு என்பது முதலாளி கொடுக்க வேண்டிய கடன். முன்னதை வாங்கியதால் பின்னது தீர்ந்துவிடாது. நிவாரணச் செக்கைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடுவதோடு காரியம் முடிந்தது என்று குடும்பத்தார் நினைத்துவிடுவது முதலாளிக்கு இரட்டை லாபம்.

ஆகவே தோழர்களே, தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. காயம் பட்ட உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் "வேலையில் அடிபட்டது" என்று எழுதச் சொல்லுங்கள். மேஸ்திரி "மாடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்" என்றால் கேட்காதீர்கள். இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது பழைய சட்டத்தின் கெடு. மாதம் ஒன்று தாமதித்தாலும் சாட்சி கலைந்துவிடும் என்பது அனுபவத்தின் கெடு. உங்களை வேலைக்கு வைத்தவன் கண்டிராக்டர் என்றால், அவனுக்கு வேலை கொடுத்த பெரிய முதலாளியும் பொறுப்பாளியே. "இனி எனக்குப் பாத்தியதை இல்லை" என்று எழுதி வாங்கிய காகிதம் செல்லாது. இறந்தவனுக்குரிய தொகையைக் கமிஷனரிடம்தான் கட்ட வேண்டும். வீட்டில் வந்து கையில் திணித்த பணத்தைக் காட்டிக் கடன் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 100-க்கு 12 வட்டி. தக்க காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் பாதி வரை அபராதம். தொழிலாளர் இன்ஷ்யூரென்ஸ் திட்டத்தில் சேர்ந்தவர்கள் மாத்திரம் இவற்றைக் கேட்காமல் அந்தத் திட்டத்தாரிடம் கேட்க வேண்டும்.

சர்க்காரை நாம் கேட்பதும் அதிகமில்லை. மூன்று நாள் விலக்கு போகட்டும். சம்பள உச்சவரம்பு போகட்டும். பட்டியலில் பேர் எழுதாத முதலாளி, "இவன் என் ஆள் அல்ல" என்று சொல்லும் உரிமையை இழக்கட்டும். இருபது வருஷம் நடக்கும் வழக்கு நியாயம் அல்ல. ஆகையால் முதல் தீர்ப்பானதும், மேல் வழக்கு நடந்தாலும், ஒரு பங்குப் பணம் குடும்பத்துக்குப் போகட்டும்.

பத்து நாள் விலக்கு மூன்றானதும், 300 ரூபாய் வரம்பு ஒழிந்ததும், அவ்வப்போது வரும் ஆளும் தொழிலாளி ஆனதும், போகும் வழியும் வேலையில் சேர்ந்ததும் எந்தச் சாமிக்கு நேர்ந்துகொண்டதாலும் அல்ல. எந்த முதலாளியின் மனம் இளகியதாலும் அல்ல. கேட்டவர்கள் கேட்டார்கள், தோற்றும் கேட்டார்கள், பிறகு கிடைத்தது. வாயிற்படிகள் எல்லாம் மனிதன் கட்டினவையே. மனிதன் இடித்ததும் நம் கண் முன்னாலேயே நடந்திருக்கின்றது. மீதியுள்ளவற்றையும் இடிப்பதற்கு முதல் வேலை, நாளைக்கு உங்கள் தெருவில் ஒருவன் கட்டுப்போட்ட கையோடு வந்தால், "விதி" என்று சொல்லாமல், "மனு எழுதியாயிற்றா?" என்று கேட்பதாகும்.